அரங்கில் விளக்கு வைத்தவர்

சிலப்பதிகாரம் கற்றோர் அனைவரும் அரங்கேற்று காதையை அறிவர். சோழ மன்னன் முன்னிலையில் மாதவி ஆடினாள். தலைக்கோற் பட்டம் பெற்றாள். 1,008 கழஞ்சு பொன்னுக்குரிய மாலையையும் பரிசாகப் பெற்றாள். அக்காதையில் நம் நினைவில் நிற்கும் செய்தி பெரும்பாலும் இவ்வளவே. ஆனால் இளங்கோவடிகள் அந்தப் பரிசைச் சொல்லும் முன் நெடுந்தொலைவு நடக்கின்றார். ஆடலாசான் எத்தகையன், இசையாசான் எத்தகையன், பாடல் யாக்கும் புலவன் எத்தகையன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரின் தகுதிகள் யாவை என்று ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றார். பின்னர் அரங்கை அளக்கின்றார். மூங்கிற் கோல் கொண்டு 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் அமைத்தனர் என்கின்றார். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் மூவகைத் திரைகளைக் கூறுகின்றார். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகளை நிறுத்தினர் என்பதையும் அவர் கூறாமல் விடவில்லை.

இந்த இறுதிச் செய்தியிலேயே நம் உள்ளம் தங்குகின்றது. விளக்கு வைப்பது எளிய வேலை. நிழல் விழாமல் விளக்கு வைப்பது கலை. அதனைச் செய்தவன் அரங்கேற்றத்திற்கு முன்னரே வந்திருப்பான். தூண்களுக்கிடையே நடந்து பார்த்திருப்பான். ஒரு விளக்கை நகர்த்தி, மற்றொன்றை உயர்த்தி, மீண்டும் நின்று நோக்கியிருப்பான். அவன் செய்த தொழிலைக் காப்பியம் போற்றியது. அவன் பெயரோ நமக்குக் கிட்டவில்லை. பரிசு முழுவதும் ஆடியவளைச் சேர்ந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இவ்வகையில் ஒரு படி மேலே செல்கின்றன. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசராச சோழன் தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரை அக்கோயிலில் குடியமர்த்தினான். அவர்களுடைய பெயரும், எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தார்கள் என்பதும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் பொறிக்கப்பட்டன. பங்கு ஒன்றுக்கு 100 கலம் நெல் என்று வரையறுக்கப்பட்டது. ஆடியவர்களோடு அந்தப் பட்டியல் நின்றுவிடவில்லை. நட்டுவர், கொட்டுவோர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர், தையற்காரர், கன்னார், தச்சர் எனப் பின்னணியில் பணிபுரிந்தோரும் அதில் இடம்பெற்றனர். கோயிலை எழுப்பிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் பெயரையும் அக்கோயிற் கல்வெட்டால் நாம் அறிகின்றோம். இன்னார் இன்ன பணி செய்தார், அதற்கு இன்ன பங்கு பெற்றார் என்று யாவரும் காணும்படி எழுதி வைப்பதே பாராட்டின் அடிப்படை என்பதை அன்றைய எழுத்தர்கள் உணர்ந்திருந்தனர் போலும். அலுவலகக் கோப்புகளோடு நாளும் பழகும் நம் போன்றோர்க்கு இந்தக் கல்வெட்டின் மீது தனி அன்பு உண்டாவது இயல்பு. கோப்பில் ஏறாத பணி நடவாத பணியாகவே கருதப்படும் என்பதை நாம் நன்கறிவோம்.

இனி நம் காலத்து அரங்கிற்கு வருவோம். நம் வீட்டுக் கூடத்திலேயே அமர்ந்திருக்கும் அரங்கு தொலைக்காட்சி. அதில் ஒரு நாடகம் அரைமணி நேரம் ஓடுகின்றது. நம் கண்ணுக்குத் தெரிபவர்கள் ஐவரோ அறுவரோதான். அவர்களைச் சுற்றி இருட்டில் நிற்பவர்கள் பலர். கேமராவைச் செலுத்துவோர், விளக்குகளை அமைப்போர், அரங்கப் பொருள்களைச் செய்வோர், ஒப்பனையாளர், உடையாளர், கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து எந்தக் கேமராவின் காட்சி எந்த நொடியில் வெளிவர வேண்டும் என்று பொத்தானை அழுத்துவோர், பதிவான காட்சிகளை வெட்டி ஒட்டுவோர் என்று அவ்வரிசை நீளும். ஒலிப்பதிவாளரின் உதவியாளர் நீண்ட கோலின் முனையில் ஒலிவாங்கியைக் கட்டி, நடிகரின் தலைக்கு மேலே பிடித்து நிற்கின்றார். அந்தக் கோலின் நிழல் நடிகரின் முகத்திலோ பின்சுவரிலோ விழுந்துவிடக் கூடாது. புகாரின் அரங்கில் தூணின் நிழலை விலக்கியவன் எதிர்கொண்ட சிக்கலும் இதுவேயன்றோ? காலம் மாறிற்று, கருவி மாறிற்று, நிழல் மாறவில்லை.

இத்தொழில்களுக்கெல்லாம் பொதுவான ஓர் இடர் உண்டு. செம்மையாகச் செய்யப்பட்டால் அவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. குழம்பில் உப்பு அளவாக இருக்கும்போது எவரும் உப்பைப் பற்றிப் பேசுவதில்லை. குறைந்தாலோ மிகுந்தாலோதான் சமைத்தவரைக் கூப்பிடுவர். ஒளியும் ஒலியும் தொகுப்பும் அத்தகையவை. ஆகவேதான், காண்போரின் கைதட்டலுக்கு மட்டும் விட்டுவிட்டால் இக்கலைஞர்களுக்கு ஒருநாளும் பாராட்டு வாய்க்காது. அதற்கென ஒரு தனி ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடே தொழில்நுட்பக் கலைஞர்களுக்கான விருது.

தொலைக்காட்சிக்கென எழுந்த பழைமையான விருதுகளுள் அமெரிக்காவின் எம்மி விருது தலையாயது. அதன் முதல் விழா 1949 சனவரி 25 அன்று ஹாலிவுட்டில் நடைபெற்றது. அவ்விருதின் பெயரே ஒரு கருவியிலிருந்து பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி. அக்காலத்துத் தொலைக்காட்சிக் கேமராவின் உயிர்நாடி இமேஜ் ஆர்த்திகான் என்னும் குழாய். பொறியாளர்கள் அதனைச் செல்லமாக 'இம்மி' என்று அழைத்தனர். ஹாரி லப்க் என்னும் பொறியாளர் அப்பெயரையே விருதுக்குச் சூட்டலாம் என்றார். விருதின் சிலை பெண்ணுருவாக அமைந்தமையால் 'இம்மி' பின்னர் 'எம்மி' ஆயிற்று. தமிழில் இம்மி என்பது மிக நுண்ணிய அளவைக் குறிக்கும் சொல். நுண்ணிய பணிகளைப் போற்றும் விருதுக்கு இப்பெயர் பொருந்தி வந்தது நமக்கு இன்பம் தருகின்றது. சிலையை வடிவமைத்த லூயி மக்மானஸ் என்பவரும் தொலைக்காட்சிப் பொறியாளரே. தம் மனைவியையே மாதிரியாகக் கொண்டு, சிறகு விரித்த பெண் ஓர் அணுவை ஏந்தி நிற்பதாக அவர் அதனைச் சமைத்தார். சிறகு கலையையும் அணு அறிவியலையும் குறிக்கும் என்பர். முதல் விழாவிலேயே தொழில்நுட்பத்திற்கென ஒரு விருதும் அளிக்கப்பட்டது.

இவ்வாறு கருவியின் பெயரால் தொடங்கிய விருதும் காலப்போக்கில் நடிகர்களின் விழாவாகவே மக்கள் மனத்தில் பதிந்தது. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, ஒப்பனை முதலியவற்றுக்கான எம்மி விருதுகளிற் பெரும்பாலானவை இன்று முதன்மை விழாவுக்கு முன்னரே வேறொரு நாளில் வழங்கப்படுகின்றன. திருமண வீட்டில் முதற்பந்தியில் அமர்ந்தோர் யார், அடுத்த பந்திக்குக் காத்திருந்தோர் யார் என்று நோக்குவோர்க்கு இதன் பொருள் விளங்கும். திரைப்படத்துக்கான ஆஸ்கர் விழாவிலும் 2022இல் இது நிகழ்ந்தது. ஒலி, படத்தொகுப்பு உள்ளிட்ட 8 பிரிவுகளின் விருதுகளை நேரடி ஒளிபரப்புத் தொடங்குமுன்பே வழங்கிவிட்டனர். தொலைக்காட்சியில் விழாவின் நேரத்தைக் குறைப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கலைஞர்களிடையே கடுமையான எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டில் எல்லாப் பிரிவுகளும் மீண்டும் ஒரே மேடைக்கு வந்தன. விருது கிடைத்தல் ஒன்று. பலர் காணக் கிடைத்தல் மற்றொன்று. இரண்டாவதற்காகவும் போராட வேண்டியிருக்கின்றது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

நம் நாட்டு வரலாற்றை நோக்குவோம். தில்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று தொலைக்காட்சி தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அதே ஆகஸ்டு முதல் நாளிலிருந்து ஓராண்டுக் காலம், செயற்கைக்கோள் வழியாகக் கல்வி ஒளிபரப்பும் சோதனை 6 மாநிலங்களின் 2,400 சிற்றூர்களில் நடைபெற்றது; கருநாடகமும் அம்மாநிலங்களுள் ஒன்று. பெங்களூரில் 1981இல் தொலைக்காட்சி வந்தது. வண்ண ஒளிபரப்பு 1982இல் தொடங்கியது. அடுத்த ஆண்டில் இன்சாட் 1பி விண்ணேறியது. அதனை ஆளும் நிலையம் நம் ஹாசனில் அமைந்தது. 1984இல் நாளொன்றுக்கு ஓர் ஒளிபரப்பி என்னும் வேகத்தில் நாடெங்கும் நிலையங்கள் நிறுவப்பட்டன.

இந்த வேகத்தில் நம் நகரத்தின் பங்கு சிறிதன்று. சாலஹள்ளியில் 1954இல் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வானொலி, தொலைக்காட்சி ஒளிபரப்புக் கருவிகளை உருவாக்கி அளித்தது. அத்தொழிற்சாலையில் பணியாற்றிய தமிழர் பலர். நம் சங்கத்தின் கூட்டங்களுக்கு வரும் பெரியோர்களிலும் அத்தகையோரைக் காணலாம். நாடு முழுவதும் ஒரே இரவில் ஒரே நாடகத்தைக் கண்டு களித்த நாள்களில், அந்த ஒளியை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த கருவியில் இணைப்புகளைப் பற்றவைத்த கை யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. அக்கைக்கு உரியவர் அடுத்த தெருவில் குடியிருந்தார்.

திரைப்படத்திற்கு மைய அரசு 1954இல் விருதுகளை வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அவை படங்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. ஒளிப்பதிவாளர் என்னும் தனி மனிதருக்கு விருது கிட்ட 1967ஆம் ஆண்டுப் படங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒலிப்பதிவாளரின் முறை அதற்கும் பின்னரே வந்தது. ஆயினும் வந்தது. அதன் பயனை நாம் இன்று நுகர்கின்றோம். 'அபூர்வ ராகங்கள்' படத்தின் ஒளிப்பதிவுக்காக 1975ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதைப் பெற்றவர் பி. எஸ். லோகநாத் என்று நம்மால் ஐயமின்றிச் சொல்ல முடிகின்றது. 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' படத்திற்காக 1980ஆம் ஆண்டில் ஒளிப்பதிவுக்கு அசோக்குமாரும் ஒலிப்பதிவுக்கு எஸ். பி. இராமநாதனும் விருது பெற்றனர் என்று சொல்ல முடிகின்றது. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, கன்னடத்தில் எடுத்த 'கோகிலா'வின் ஒளிப்பதிவுக்காக 1977ஆம் ஆண்டுக்குரிய விருதைப் பெற்றார். ஈழத்துத் தமிழர் ஒருவர் கன்னடப் படத்திற்காக இந்திய அரசின் விருது பெற்ற இச்செய்தி, இரு மொழியாரும் கூடி வாழும் இந்நகரில் அடிக்கடி நினைக்கத்தக்கது. விருதுப் பட்டியல் ஒன்று இருந்தமையால்தான் இவை நமக்குத் தெரிகின்றன.

தேசியத் திரைப்பட விருதுகளின் எல்லைக்குள் தொலைக்காட்சித் தொடர்கள் வருவதில்லை. இதனால் விளைந்த இழப்பை அறிய நம் கண்முன் உள்ள சான்று 'மால்குடி நாட்கள்'. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளைப் பெங்களூரின் தயாரிப்பாளர் டி. எஸ். நரசிம்மன் தொலைக்காட்சித் தொடராக்கினார். கன்னடக் கலைஞர் சங்கர் நாக் அதனை இயக்கினார். 1986இல் அது தூர்தர்சனில் வெளிவந்தது. மழைக்குப் பெயர்பெற்ற ஆகும்பே என்னும் மலையூரே மால்குடியாக மாறிற்று. சிறுவன் சுவாமியையும் அவனாக நடித்த மஞ்சுநாத்தையும் கண்டோர் எவரும் மறந்திலர்.

அந்தத் தொடரின் ஒளிப்பதிவாளர் எஸ். இராமச்சந்திரா. 'ரிஷ்ய சிருங்க' என்னும் கன்னடப் படத்திற்காகத் தேசிய விருது பெற்றவர். கிரீஷ் காசரவள்ளியின் 'கடசிராத்த' படத்தையும் ஒளிப்பதிவு செய்தவர். ஓட்டு வீட்டுத் திண்ணையின் அரையிருளையும், பள்ளிக்கூடச் சன்னலின் வெயிலையும் நாடு முழுவதற்கும் உரிய நினைவாக ஆக்கியது அவருடைய கண். இசையமைத்தவர் தமிழரான எல். வைத்தியநாதன். அதன் முகப்பிசையின் முதற் சில நொடிகள் போதும், ஒரு தலைமுறையே தன் குழந்தைப் பருவத்துக்குத் திரும்பிவிடும். ஊரையும் கடைத்தெருவையும் உருவாக்கியவர் கலை இயக்குநர் ஜான் தேவராஜ். திரைப்படத்திற்காக இராமச்சந்திரா பெற்ற விருதைத் தேசிய விருதுப் பட்டியல் நூற்றாண்டு கடந்தும் சொல்லும். அவரது பணியில் மிகுதியான மக்கள் கண்டது மால்குடி. அதைச் சொல்லும் இடம் அப்பட்டியலில் இல்லை. அவர் 2011இல் மறைந்தார். வைத்தியநாதன் அதற்கு முன்னரே 2007இல் மறைந்தார்.

ஜான் தேவராஜுக்கு மட்டும் காலம் வேறொரு வகையில் மரியாதை செய்தது. அத்தொடரின் காட்சிகள் எடுக்கப்பட்ட சிவமொக்கா மாவட்டத்து அரசாளு என்னும் சிறு இரயில் நிலையம் 2020இல் மால்குடி அருங்காட்சியகமாகப் புதுப்பிக்கப்பட்டது. அப்பணியில் அவரே மீண்டும் ஈடுபட்டார். கதைக்காகச் சமைத்த ஊர் உண்மையான ஊருக்குள் நிலைபெற்றது. இத்தகைய பேறு எல்லாக் கலைஞர்க்கும் வாய்ப்பதன்று.

விருதே இல்லை என்று கூறிவிட முடியாது. 2001இல் இந்தியன் டெல்லி விருதுகளும் இந்தியத் தொலைக்காட்சிக் கழகத்தின் விருதுகளும் தொடங்கின; தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் அவற்றில் இடமுண்டு. ஆனால் அவற்றின் பார்வை பெரிதும் இந்தித் தொடர்கள் மீதே படிந்துள்ளது. தமிழில், அலைவரிசைகள் தத்தம் தொடர்களுக்குத் தாமே விருதளித்துக் கொள்கின்றன. தன் வீட்டுப் பிள்ளைக்குத் தானே மாலை சூட்டுவதில் தவறில்லை. ஆனால் ஊரார் சூட்டும் மாலைக்கு உள்ள மதிப்பு அதற்கு இராது. பாலு மகேந்திரா தமிழ் எழுத்தாளர்களின் சிறுகதைகளைத் தேர்ந்து 'கதை நேரம்' என்னும் தலைப்பில் 52 குறும்படங்களைத் தொலைக்காட்சிக்கு அளித்தார். பெரிய திரையில் விருதுக்குரியதாய் இருந்த அதே கண் சின்னத்திரைக்கு வந்தது. இதனை எடைபோட அலைவரிசைகளைச் சாராத ஒரு தராசு வேண்டும்.

அத்தராசைத் தமிழ்நாட்டரசின் சின்னத்திரை விருதுகள் தர இயலும். நடிகர்களோடு ஒளிப்பதிவாளர் முதலிய கலைஞர்களையும் அவை கருத்தில் கொள்கின்றன. ஆயின் காலத்தாழ்வு அவற்றின் பெருங்குறை. 2009 முதல் 2013 வரையிலான ஆண்டுகளுக்குரிய சின்னத்திரை விருதுகள் 2022 செப்டம்பர் 4 அன்று சென்னைக் கலைவாணர் அரங்கில் ஒருசேர வழங்கப்பட்டன. 13 ஆண்டுகளுக்கு முன் செய்த பணிக்கான பாராட்டு அன்று கைக்கு வந்தது. நடிகருக்கு இது வருத்தம் மட்டுமே. அவர் முகத்தை மக்கள் அதற்குள் அறிந்திருப்பர். திரைக்குப் பின் நிற்பவர்க்கோ இது பிழைப்பைப் பாதிப்பது. விருது பெற்றவர் என்னும் ஒரு சொல், அடுத்த வேலையையும் கூலி உயர்வையும் தேடித் தருவது. அது பதின்மூன்று ஆண்டு பிந்தினால் அவர் தொழிலையே விட்டிருக்கக் கூடும். நிலுவைத் தொகை வட்டியின்றிக் கைக்கு வரும்போது அதன் மதிப்பு எவ்வளவு தேய்ந்திருக்கும் என்பதை மாதச் சம்பளக்காரர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வகை விருதுகள் எதற்கு என்று வினவுவோரும் உளர். தொலைக்காட்சி ஒரு கூட்டுப்பணி. அதில் ஒருவரைப் பிரித்தெடுத்துப் பாராட்டுவது எப்படி என்பர். இந்த வினா நேர்மையானது. மழைநாளில் நடிகரின் முகத்தில் ஒளி செம்மையாக விழுந்தது ஒளிப்பதிவாளரால் மட்டுமா? விளக்கைச் சுமந்து, நனையாமல் காத்தவராலும் அன்றோ? ஆனால் இவ்வினாவை நடிகர்க்கும் இயக்குநர்க்கும் விருது அளிக்கும்போது எவரும் எழுப்பக் காணோம். கூட்டுப்பணி என்பது பின்னால் நிற்பவரை மறப்பதற்கான காரணமாக மட்டும் பயன்படுமாயின், அந்த நியாயம் ஒருபக்கம் சாய்ந்தது. இராசராசனின் கல்வெட்டு வேறு வழியைக் காட்டுகின்றது. தொழில்தோறும் பங்கு, பங்குதோறும் பெயர் என்று அது பிரித்துக் காட்டியது. அதனால் கோயிலின் ஒருமை குலையவில்லை.

நடுவர் யார் என்பதும் எண்ணத்தக்கது. எம்மி விருதில் ஒளிப்பதிவாளர்களை ஒளிப்பதிவாளர்களும், ஒலிக் கலைஞர்களை ஒலிக் கலைஞர்களுமே விருதுப் பட்டியலுக்கு முன்மொழிகின்றனர். தூணின் நிழல் எங்கே விழுந்திருக்க வேண்டும், அது ஏன் விழவில்லை என்பதை அறியும் கண், அத்தொழிலில் பழகிய கண்ணாகத்தான் இருக்க முடியும். தமிழ்த் தொலைக்காட்சிக்கு அமையும் எந்த நடுவர் குழுவிலும் அத்தகைய கண்கள் சிலவேனும் இருத்தல் வேண்டும்.

விருது அரசின் கையிலும் அலைவரிசைகளின் கையிலும் உள்ளது. பெயரை எழுதி வைப்பதோ நம் கையில் உள்ளது. அதற்கும் இன்று இடையூறு மிகுந்து வருகின்றது. தொடர் முடிந்ததும் பெயர்ப்பட்டியல் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி மறைகின்றது. அலைவரிசை அதனைத் திரையின் ஓரத்தில் ஒடுக்கிவிட்டு அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரத்தைக் காட்டுகின்றது. இணையவழித் தளங்களில் பெயர்கள் தோன்றும்போதே அடுத்த பகுதி தானாகத் தொடங்கிவிடுகின்றது. கல்லில் வெட்டிய பெயர் ஆயிரம் ஆண்டு நின்றது. திரையில் ஓடும் பெயர் மூன்று நொடி நிற்பதற்கே நாம் மன்றாட வேண்டியிருக்கின்றது.

ஆகவே, இந்நகரத் தமிழர்க்கு ஒரு வேண்டுகோள் விடுப்போம். தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில் ஒளிபரப்பு நிலையத்திலும், கருவிகள் செய்த தொழிற்சாலையிலும், தொடர்களின் படப்பிடிப்பிலும் பணியாற்றியோர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்கள் நம் உறவினராகவோ அண்டைவீட்டாராகவோ இருக்கலாம். அவர்களிடம் சென்று, அவர் இசைவோடு, எந்த ஆண்டில் எந்தப் பணியைச் செய்தார்கள், எந்தக் கருவியைக் கையாண்டார்கள், உடன் உழைத்தவர் யாவர் என்று கேட்டு எழுதி வைப்போம். தமிழ்ச் சங்கங்களின் மலர்களில் புலவர்க்கும் தலைவர்க்கும் பக்கங்கள் உண்டு. விளக்கு வைத்தவர்க்கும் சில பக்கங்கள் ஒதுக்குவோம். வீட்டில் ஒரு நாடகம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல், ஓடும் பெயர்களில் ஒன்றையேனும் பிள்ளைகளை உரக்கப் படிக்கச் செய்வோம். எந்த அரசின் ஆணைக்கும் காத்திராமல் இன்றிரவே நாம் வழங்கக்கூடிய விருது அது.